பழைய பஸ்ஸின் எஞ்சின் கதவுக்கு டிக்கி ஷாக் போடலாமா?

கேள்வி: 9 நவம்பர் 2022

அண்ணா, என்னுடையதும் உங்களுடையதைப் போல 1973 ஃபோக்ஸ்வாகன் பஸ்தான். கோயம்புத்தூரில் ஒரு ஷெட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். பின்பக்கத்து எஞ்சின் கதவைத் தூக்கினால் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு கையில் கதவு, மறு கையில் டிப்ஸ்டிக், வேஸ்ட் துணி பல்லில். உக்கடத்தில் ஒரு ஹேட்ச்பேக் காரின் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் ஷாக் ஜோடி கிடைக்கிறது. இரண்டு பக்கமும் மாட்டிவிட்டால் காலத்துக்கும் கவலை இல்லை, அரை நாள் வேலை. சரிதானே?

9 நவம்பர் 2022, இரவு

சரியில்லை. வாங்காதே தம்பி.

இதே மாதிரி ஜோடியை, இதே உக்கடத்தில், இதே நினைப்போடு நான் போன ஏப்ரலில் வாங்கினேன். குழாயின் மேல் 350N என்று அச்சடித்திருந்தது. பார்ட் நம்பர் என்று நினைத்துக்கொண்டேன். மாட்டிய முதல் நாள் பிரமாதம். லாக்கைத் திருப்பியதும் கதவு தானாக எழுந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலு தடவை திறந்து காட்டினேன். மூடும்போதுதான் முழங்காலை வைத்து அமுக்க வேண்டியிருந்தது. புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் தகடு நடுவில் தொந்தி போட்டுவிட்டது. கீழ் விளிம்பில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. ஒரு நாள் இங்கே நீலகிரியில் அருவங்காடு தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் லாக் நழுவிக் கதவு முழுசாகத் திறந்துகொண்டது. எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, “சார், உங்க வண்டி கொட்டாவி விடுது!” என்றார்.

டிங்கரிங் செலவு அந்த ஜோடியின் விலையைப் போல ஒன்பது மடங்கு. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

11 நவம்பர் 2022

நாளைக்கு என்றேன், மழை விடவில்லை. ஷெட் ஒழுகுகிறது.

டிங்கரிங் முடிந்த பிறகு செய்ததை முன்பே செய்திருக்க வேண்டும். கதவைக் கழற்றி எடை போட்டேன். கேரட் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை மண்டியிலிருந்து இரவல் வாங்கி வந்தேன். 6.2 கிலோ. உன் கதவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும், ஆனால் என் எண்ணை நம்பாதே, நிறுத்துப் பார். ஐம்பது வருஷத்தில் எத்தனை பேர் அதில் பட்டி பூசியிருக்கிறார்களோ.

இந்தக் கதவுக்குக் கீல் மேலே, லாக் கீழே. மூடியிருக்கும்போது கதவு செங்குத்தாகத் தொங்குகிறது. அப்போது அதன் எடையைக் கீல்தான் தாங்குகிறது, யாரும் தள்ள வேண்டியதில்லை. கிடைமட்டமாகத் தூக்கி நிறுத்தும்போதுதான் முழு எடையும் வந்து கீழே இழுக்கிறது. கதவின் எடை மையம் கீலிலிருந்து 27 சென்டிமீட்டரில் இருந்தது. ஒரு குழாயின் மேல் படுக்கவைத்து உருட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 6.2 கிலோ, அதைப் பெருக்கு 9.8, அதைப் பெருக்கு 0.27. சுமார் 16.4 நியூட்டன் மீட்டர். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதேதான். கதவை நிறுத்திவைக்க இவ்வளவு போதும்.

இப்போது என் முட்டாள்தனத்தின் கணக்கு. 350 நியூட்டன் ஷாக் இரண்டு (அந்த 350N பார்ட் நம்பர் இல்லை, தள்ளும் பலம்). கதவு மூடியிருக்கும்போது அவை தள்ளும் கோடு கீலிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளிப் போகிற மாதிரி மாட்டியிருந்தேன். 700 பெருக்கல் 0.06, ஆக 42. தள்ளத் தேவையே இல்லாத நேரத்தில் 42 நியூட்டன் மீட்டர் கதவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கீழ் விளிம்பில் எட்டு கிலோ. ராத்திரி பகலாக, நிறுத்தாமல். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு, பாவம், என்ன செய்யும்.

12 நவம்பர் 2022

கீழ் விளிம்பில் எட்டு கிலோ எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாய். கீலிலிருந்து கீழ் விளிம்பு வரை 55 சென்டிமீட்டர். 42ஐ 0.55ஆல் வகுத்தால் 76 நியூட்டன், எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

ஷாக் என்றே எல்லோரும் சொல்கிறோம், கடையிலும் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் இது அதிர்வு தாங்குகிற சாமான் இல்லை. உள்ளே அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், ஒரு தண்டு, அவ்வளவுதான். சரியான பெயர் கேஸ் ஸ்ட்ரட். இனி ஸ்ட்ரட் என்றே எழுதுகிறேன். மறந்து ஷாக் என்று எழுதினால் கண்டுகொள்ளாதே.

20 நவம்பர் 2022

எவ்வளவு பலம் என்பதைவிட எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு இது புரிய ஒரு அட்டைப்பெட்டி தேவைப்பட்டது. டீத்தூள் வந்த பெட்டியின் பக்கவாட்டை வெட்டிக் கதவாக வைத்து, கீலுக்கு ஒரு ஆணி, ஸ்ட்ரட்டுக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு ஸ்ட்ரா. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் இதை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே சொன்ன மாதிரிதான்.

மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் இரண்டு முனையும் கீலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். அப்போது ஸ்ட்ரட் எவ்வளவு முக்கினாலும் கீலைத்தான் தள்ளும், கதவை அல்ல. தூக்கத் தூக்க அந்தக் கோடு கீலை விட்டு விலகி, முழுசாகத் திறந்ததும் அதிக தூரத்தில் நிற்க வேண்டும். என் வண்டியில் ஸ்ட்ரட்டை மாட்டும் கதவுப் பக்கப் பந்து முனை கீலுக்கு 9 சென்டிமீட்டர் கீழே. பாடிப் பக்க முனை அதே நிலைச்சட்டத்தில் கீலுக்கு 30 சென்டிமீட்டர் கீழே. மூடினால் இரண்டுக்கும் நடுவே 21 சென்டிமீட்டர், திறந்தால் 31. அதாவது 10 சென்டிமீட்டர் ஓட்டமுள்ள ஸ்ட்ரட். திறந்த நிலையில் கீலிலிருந்து எட்டரை சென்டிமீட்டர் கிடைக்கிறது. மூடிய நிலையில் ஒரு சென்டிமீட்டர்தான்.

எட்டரை சென்டிமீட்டருக்கு 100 நியூட்டன் ஸ்ட்ரட் இரண்டு போட்டால் 17 வரும். தேவை 16.4. ஆக 100 போதும் என்று முடிவு செய்தேன். (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்.)

100 நியூட்டனில் கார் டிக்கி சாமான் தேடி அலையாதே. மாடுலர் கிச்சன் அலமாரிக்குப் போடுவார்களே, மேல்நோக்கித் திறக்கும் கதவுக்கு, அதுதான். ஹார்டுவேர் கடையில் கேஸ் பம்ப் என்று கேள். 60, 80, 100, 120, 150 என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நான் முதலில் எங்கள் வீட்டு அலமாரியிலிருந்தே ஒரு ஜோடியைக் கழற்றிப் பரிசோதித்தேன். மறுநாள் காலையில் அலமாரிக் கதவு விழுந்து மஞ்சள் டப்பா கவிழ்ந்த கதை தனி.

27 நவம்பர் 2022

இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: தண்டு மேலே இருக்கலாமா, கீழேதானா?

கீழே. உள்ளே இருக்கும் கொஞ்ச எண்ணெய்தான் தண்டு நுழைகிற இடத்து ரப்பர் சீலை ஈரமாக வைத்திருக்கிறது. தண்டு கீழ்நோக்கி இருந்தால் எண்ணெய் சீலின் மேல் தேங்கி நிற்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து, கேஸ் மெதுவாகக் கசிந்து, ஒரு வருஷத்தில் நோஞ்சான் ஆகிவிடும். இன்னொரு லாபம், திறப்பின் கடைசி இரண்டு விரல்கடை தூரத்தில் பிஸ்டன் எண்ணெய்க்குள் இறங்கும்போது வேகம் அடங்கிக் கதவு மெத்தென்று நிற்கும். என் 350 ஜோடியைத் தலைகீழாகத்தான் மாட்டியிருந்தேன். கதவு எழுந்து நிற்கும்போது “டப்” என்று வந்த சத்தத்துக்கு அதுவும் காரணம். குழாய் கதவுப் பக்கம், தண்டு பாடிப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன அளவுக்குத் திறந்தாலும் மூடினாலும் தண்டு கீழ்நோக்கித்தான் இருக்கும்.

அப்புறம் ஒன்று, விளையாட்டில்லை. ஸ்ட்ரட்டை மாட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் வெல்டிங் வைக்காதே. பொறி தண்டில் ஒட்டினால் சீல் கிழியும், குழாய் சூடேறினால் அதைவிட மோசம். பழையதைத் துளைக்கவோ அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது. எனக்கு வெல்டிங் செய்கிற அண்ணன் “ரெண்டே டாக், கண்ண மூடிக்க சார்” என்று கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

3 டிசம்பர் 2022

மலையில் காற்றழுத்தம் குறைவு, ஸ்ட்ரட் வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி, சிரிக்க வேண்டாம்.

100 நியூட்டன் ஸ்ட்ரட்டின் தண்டு 6 மில்லிமீட்டர் விட்டம். பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். 100ஐ அதனால் வகுத்தால் உள்ளே சுமார் 35 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப் போலப் பதினேழு மடங்கு. ஊட்டி 2240 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. வெளியே அழுத்தம் குறைந்தால் ஸ்ட்ரட்டின் பலம் கூடத்தான் செய்யும். எவ்வளவு? 0.7 நியூட்டன். எடையில் சொன்னால் 70 கிராம், இரண்டு மூன்று வர்க்கி பிஸ்கட். மேட்டுப்பாளையத்தில் வாங்கிக் கேத்தியில் மாட்டினால் அந்த வர்க்கி இலவசம்.

18 டிசம்பர் 2022

மாட்டியாயிற்று. 100 நியூட்டன், ஜோடி.

பந்து முனைக்கு அடியில் வைக்கும் தகட்டை 3 மில்லிமீட்டர் பட்டையில் செய்து கொடுத்தவர் கார்டைட் ஃபேக்டரியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற மாமா. வீட்டுத் திண்ணையில் சின்ன லேத் வைத்திருக்கிறார். அட்டை மாதிரியைப் பார்த்துவிட்டு, “பட்டையோட மூலையெல்லாம் உருட்டிடு, இல்லேன்னா தகடு அங்கேதான் வெடிக்கும்” என்றார். உருட்டினேன். கூர்மையான மூலை இருந்தால் எல்லா அழுத்தமும் அந்த ஒரு புள்ளியில் வந்து உட்காரும். கதவின் உள்சட்டத்தில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே போல்ட் உட்கார்ந்துவிட்டது. பாடிப் பக்கம் மட்டும் புதிதாக இரண்டு துளை.

இரண்டு பக்கமும் போட வேண்டுமா, ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஒன்று போட்டால் கதவு முறுக்கிக்கொள்ளும். தகரம் அது.

ஒரு விரலால் தூக்கினேன். பாதி வரை கை, அதற்கு மேல் அதுவே போய் நின்றது. மூடும்போது உள்ளங்கை பட்டால் போதும். இன்று மத்தியானம் குன்னூர் வரை போய் வந்து நாலைந்து தடவை திறந்து பார்த்தேன். கல் மாதிரி நிற்கிறது. பழைய ஊன்றுக் கம்பியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

6 ஜனவரி 2023

பரணிலிருந்து எடுத்துவிட்டேன்.

டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்கலாம் என்று காலை ஆறரைக்கு இறங்கினேன். இந்த எஞ்சினில் வால்வு கிளியரன்ஸ் 0.15 மில்லிமீட்டர், அதை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, விடிகாலை, அதைவிட ஆறிய எஞ்சின் எங்கே கிடைக்கும். தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது என்று பால்காரர் சொன்னார். ஷெட்டுக்குள் தெர்மாமீட்டர் 5 காட்டியது.

கதவைத் தூக்கினேன், நின்றது. குனிந்து புல்லியைத் திருப்பிக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. பின்மண்டையில் வந்து உட்கார்ந்தது. லாக் கொக்கி காதுக்கு ஒரு அங்குலம் தள்ளி. கம்பளிக் குல்லா போட்டிருந்ததால் இதை எழுதுகிறேன். டீ டம்ளர் போனது போனதுதான்.

குளிர்தான் காரணம். கேஸ் குளிர்ந்தால் அழுத்தம் குறையும். சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மலையில் ஸ்ட்ரட்டே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். தம்பி, நீ தாராளமாகப் போட்டுக்கொள், கோயம்புத்தூர் குளிர் அதை ஒன்றும் செய்யாது.

7 ஜனவரி 2023

நேற்று எழுதியது வலியில் எழுதியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஸ்ட்ரட்டின் மேல் அச்சடித்திருப்பது 20 டிகிரியில் அளந்த பலம். அழுத்தம் மாறுவது கெல்வின் கணக்கில். 20 டிகிரி என்பது 293, 5 டிகிரி என்பது 278. வகுத்தால் 0.95. ஆக, 100 நியூட்டன் 95 ஆகிறது. ஐந்து சதவீதம், அவ்வளவுதான். பத்து டிகிரிக்குச் சுமார் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கதவை மண்டையில் தள்ள இந்த ஐந்து சதவீதம் போதுமா? என் கணக்குக்குப் போதும் போலத் தெரிகிறது. 17 இருந்தது 16.1 ஆகிறது, தேவை 16.4. கீலின் உராய்வு கொஞ்சம் தாங்கும். ஆனால் அப்படிப் பார்த்தால் மெல்ல நழுவி இறங்க வேண்டும், இப்படிப் பொத்தென்று வரக்கூடாது. ஏதோ உதைக்கிறது.

இன்னொன்றும் உறைக்கிறது. டிசம்பரில் நான் பரிசோதித்ததெல்லாம் குன்னூர் போய் வந்த பிறகு. எஞ்சின் அறை அடுப்பங்கரை மாதிரி இருந்திருக்கும். 50 டிகிரியில் இதே ஸ்ட்ரட் 110 நியூட்டன் தரும். உச்சி வெயிலில் கம்பளி விற்கப் போன கதை.

15 ஜனவரி 2023

பொங்கலுக்குத் தராசை மறுபடி இரவல் வாங்கினேன். மண்டிக்காரர், “இன்னும் அந்தக் கதவைத்தான் நிறுக்கிறீங்களா?” என்றார்.

7.3 கிலோ.

நவம்பரில் 6.2. கதவு ஒரு கிலோ ஊதியிருக்கிறது. அரை நிமிஷம் முழித்துக்கொண்டு நின்ற பிறகுதான் கதவின் உள்பக்கம் கண்ணில் பட்டது. டிசம்பர் முதல் வாரத்தில், சத்தம் குறையட்டும் என்று தடித்த ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தேன். ஒட்டியது நானே. எடை பார்த்தது அதற்கு முன்னால். அந்த இரண்டு விஷயமும் என் மண்டைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

ஃபெல்ட் காய்ந்திருக்கும்போது நானூறு கிராம் இருக்கும். டிசம்பர் மழையும் மூடுபனியும் குடித்துவிட்டு இப்போது பிழிந்தால் தண்ணீர் வருகிறது. பிழிந்தே பார்த்தேன், வாளியில் டீ நிறத்தில். 7.3 கிலோவுக்குத் தேவை 19.3. குளிர்ந்த ஸ்ட்ரட் தருவது 16.1. விழாமல் என்ன செய்யும்.

ஆக, 6ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மலையில் ஸ்ட்ரட் போடலாம். 20 நவம்பரில் “100 போதும்” என்று எழுதினேனே, அதையும் அடித்துவிடு. விளிம்பில் நிற்கிற கணக்கைப் போதும் என்று சொன்னதுதான் தப்பு. ஐந்தில் ஒரு பங்காவது மேலே வேண்டும். 120 ஜோடி சொல்லியிருக்கிறேன். 120 என்றால் 20.4, 5 டிகிரியில் 19.4. ஃபெல்ட்டைப் பிய்த்துப் போட்ட கதவுக்கு 16.4.

மூடிய நிலையில் 120 ஜோடி கதவை எவ்வளவு தள்ளும் என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 240 பெருக்கல் 0.01, ஆக 2.4. கீழ் விளிம்பில் அரை கிலோவுக்கும் குறைவு. லாக் அதைத் தூங்கிக்கொண்டே பிடிக்கும்.

22 ஜனவரி 2023

120 மாட்டியாயிற்று. நிற்கிறது. ஊன்றுக் கம்பியும் இருக்கிறது.

4 மார்ச் 2023

விண்டேஜ் வண்டியில் ஓட்டை போடுவது பாவம் என்று ஒரு நீண்ட வசவு வந்திருக்கிறது. பாதி சரி. கதவுப் பக்கம் ஓட்டை இல்லை, பாடிப் பக்கம் இரண்டு, ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர். ப்ரைமர் வைத்து, ரப்பர் வாஷர் வைத்துத்தான் முடுக்கினேன். கழற்றினால் இரண்டு ரப்பர் மூடியில் மறைந்துவிடும். பிறகும் மனசு உறுத்தத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் இந்த வண்டி கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கடியில் கிடந்து எனக்கு வந்தபோது, அதன் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தது கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று. அதுவும் ஒரிஜினல் இல்லைதான்.

போன வாரம் சேரிங் கிராஸில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, “இது பஸ்ஸா வேனா?” என்று கேட்டார். பஸ் என்றேன். “அப்ப பர்மிட்?” என்றார். வேன் என்றேன்.

21 மே 2023

சீசன் கூட்டம். மசினகுடியில் ஒரு வேலையை முடித்துக் கல்லட்டி வழியாக ஏறினேன். 36 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் முதல் கியர்தான்.

எஞ்சின் கதவை ஒரு குச்சி வைத்து இரண்டு அங்குலம் திறந்து வைத்தால் சூடு குறையும், ஸ்ட்ரட் போட்டால் அந்த வசதி போய்விடுமே என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். முன்னால் எஞ்சின், தண்ணீர் ரேடியேட்டர் உள்ள வண்டியில் பானட்டைத் தளர்த்திவிட்டு ஏறுவது நாம் பார்த்ததுதான். இந்த வண்டியின் சங்கதி வேறு. இது காற்றில் குளிர்கிற எஞ்சின். பின்ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் காது மாதிரி இருக்கிறதே, அதன் வழியாக மேலேயிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, ஃபேன் அதைச் சிலிண்டர்கள் மேல் அடித்து, சூடானதைக் கீழே தள்ளுகிறது. எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகரமும் ரப்பரும் மேல் காற்றையும் கீழ் காற்றையும் பிரித்து வைக்கத்தான். கதவின் கீழ் விளிம்பில் சந்து விட்டால் கீழே தள்ளிய சுட்ட காற்றையே ஃபேன் மறுபடி இழுத்துக் குடிக்கும்.

2022 மே மாதம், அந்த 350 ஜோடி கீழ் விளிம்பில் விரல் சந்து போட்டிருந்தபோது, இதே கல்லட்டியில் ஏறினேன். டிங்கரிங் அதற்கு அப்புறம்தான். வளைவில் எதிரே லாரிக்கு ஒதுங்கி நிற்கும்போதெல்லாம் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கியது. எண்ணெய் சூடேறி நீர்த்துப்போனதன் அடையாளம். இந்த முறை ஒரு தடவைகூட மினுக்கவில்லை. கதவு ஒழுங்காக மூடியிருப்பதால்தான் என்று எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் நடுவில் எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பரையும் புதிதாக மாற்றினேன், எண்ணெயும் புதுசு. பெருமையை மூன்றாகப் பங்கு போட வேண்டும்.

26 ஆகஸ்ட் 2023

மூன்று மாத ஈரம். இடது பக்கத் தண்டில் மிளகு தூவிய மாதிரிப் புள்ளி. குரோம் பூச்சில் துரு. இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் அந்தப் புள்ளி சீலை அரம் மாதிரி ராவும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று கிளம்பினேன், டர்னர் மாமா கையைத் தட்டிவிட்டார். கீறல் விழுந்தால் துருவைவிட மோசம். மாற்றிவிடுவதுதான் வழி. குரோம் பளபளக்கும் தண்டைவிட நைட்ரைடு பண்ணிய கறுப்புத் தண்டு துருவைத் தாங்கும் என்றார். கறுப்புத் தண்டில் 120 வாங்கினேன். ஜோடியாகவே மாற்றினேன். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் கதவு மறுபடி முறுக்கும்.

கிச்சன் கேஸ் பம்ப்பில் இன்னொரு குறை. பந்து முனையின் கிண்ணம் பிளாஸ்டிக். எஞ்சின் சூட்டில் ஏழு மாதத்தில் வெளிறி, நகம் பட்டால் உதிர்கிறது. இந்த முறை இரும்புக் கிண்ணம். இதை டிசம்பரிலேயே எழுதியிருந்தால் உனக்கு ஒரு ஜோடி மிச்சமாகியிருக்கும். தெரிந்தால்தானே எழுதுவேன்.

30 டிசம்பர் 2023

தம்பி படம் அனுப்பியிருக்கிறான். கதவு நிற்கிறது, வாழ்த்து. வலது பக்கத் தண்டு மேல்நோக்கி இருக்கிற மாதிரித் தெரிகிறதே? படம் தலைகீழா, ஸ்ட்ரட் தலைகீழா? பார்த்துச் சொல்.

31 டிசம்பர் 2023

ஸ்ட்ரட்தானாம்.

7 ஜனவரி 2024

காலை 6.40. ஷெட்டில் 4 டிகிரி. கதவைத் தூக்கினேன், நின்றது. போன வருஷத்து நினைப்பில் ஊன்றுக் கம்பியையும் கொடுத்துவிட்டுத்தான் குனிந்தேன். டேப்பெட் நாலு சிலிண்டரும் பார்த்தாயிற்று. மூன்றாவதில் எக்ஸாஸ்ட் மட்டும் 0.10க்கு இறுகியிருந்தது, 0.15க்குத் தளர்த்தினேன். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கினால் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போகிறது, சரியாக இருக்கிறது. எரிபொருள் ஹோஸில் மேலே சுற்றிய நூல் ஒரு இடத்தில் பிரிந்திருக்கிறது, இன்றைக்கே மாற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் இரண்டு கையும் என் கையாகவே இருந்தன.

அந்த 350 ஜோடியை விற்கிறாயா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. வீட்டில் விறகுப் பெட்டிக்கு யூகலிப்டஸ் பலகையில் செய்த மூடி ஒன்று இருக்கிறது, ஆள் கனம். அதில் மாட்டியிருக்கிறேன், தண்டு கீழே.